9 நாளில் 45 மணி நேர ஆர்பிஜி: ஃப்ரீலான்ஸ் ரிவ்யூவுக்கு எப்படித் திட்டமிடுவது?

காலி_கார்ட்ரிட்ஜ் கேட்டது:

டர்ன்-பேஸ்டு ஆர்பிஜி (முறை வைத்துச் சண்டை போடும், பாத்திரமேற்று ஆடும் கேம்) ஒன்றுக்கான ரிவ்யூ வேலை. எம்பார்கோவுக்கு (ரிவ்யூ வெளியிட அனுமதிக்கும் நேரத்துக்கு) 9 நாள் முன்பு பிசி கோட் (கேமை ஏற்றும் குறியீடு) வரும். மெயின் கதை மட்டும் 40 முதல் 45 மணி நேரம் என்று பிஆர் தரப்பு (கேம் நிறுவனத்தின் ஊடகத் தொடர்பாளர்கள்) சொல்கிறது. தளத்துக்கு வேண்டியது 1,000 சொல், 10-க்கு ஒரு ஸ்கோர் (தசமம் கிடையாது), 8 ஸ்க்ரீன்ஷாட், 3 நிமிட கேம்ப்ளே. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஃபிளாட் தொகை.

சந்தேகங்கள் இவை. 9 நாளில் முடியுமா, முடியாவிட்டால் ஸ்கோர் போடலாமா? விளையாடும்போது குறிப்பு எப்படி எடுப்பது? 6-ம் அத்தியாயத்துக்குப் பிறகு எதையும் வெளியிடக் கூடாது என்று எம்பார்கோ தாளில் இருக்கிறது. கேமின் பின்பாதி சொதப்பினால் அதை எப்படி எழுதுவது? டே-ஒன் பேட்ச் (கேம் வெளியாகும் நாளில் வரும் திருத்தம்) வருகிறதாம், எந்த வெர்ஷனை வைத்து எழுதுவது? கடைசியாக, எடிட்டர் அனுப்பிய மெயிலில் கில் ஃபீ (கட்டுரை வெளிவராவிட்டால் தரும் தொகை) பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்கலாமா?

---

சேவ்ஸ்லாட்_3 பதில்:

முதலில் கணக்கு. பிஆர் சொல்லும் 45 மணி என்பது வழி தெரிந்தவர் ஓடிய நேரம். குறிப்பு எடுத்து, தோற்ற சண்டையைத் திரும்ப ஆடி, மெனுவைக் குடைகிற ஆளுக்கு அதில் கால்வாசி கூடும், ஆக 55 மணி. 9 நாளில் கடைசி இரண்டு எழுதவும் திருத்தவும் போய்விடும். படம் பிடிக்க அரை நாள். மீதி ஆறரை நாளில் 55 மணி என்றால் தினம் எட்டரை மணி நேரம் உட்கார வேண்டும். முடியும், ஆனால் நடுவில் ஒரு நாள் வழுக்கினால் திட்டம் கவிழ்ந்துவிடும். அதனால் மூன்றாம் நாள் இரவு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். 22-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். எட்டாம் நாள் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

டிஃபிகல்ட்டி நார்மல். நேரம் போதவில்லை என்று நடுவில் ஈஸிக்கு இறக்கினால், எந்த அத்தியாயத்தில் இறக்கினீர்கள் என்பது ரிவ்யூவில் இருக்க வேண்டும். சண்டை சுலபமாக இருந்தது என்று எழுதிவிட்டு இதை மறைப்பது அநியாயம்.

சேவ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் தனி ஸ்லாட். ஆட்டோசேவை மட்டும் நம்பினால், ரிவ்யூ பில்டில் (ரிவ்யூவுக்கு முன்கூட்டித் தரும் பதிப்பில்) கதவு திறக்காத பக் வரும்போது அந்தப் பூட்டிய நிலையையே அது சேவ் செய்து வைத்திருக்கும். தனி ஸ்லாட் இருந்தால் பின்னால் படம் பிடிக்கத் திரும்பிப் போகவும் உதவும். வெளியாகாத கேமுக்கு கிளவுட் சேவ் வேலை செய்யாமல் போகலாம். சேவ் ஃபோல்டரைத் தினமும் ஒருமுறை வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். பிசி கோட் கிடைத்தது இந்த விதத்தில் நல்லது. பிஎஸ்5 கேம்களின் சேவைத் தனியாக யுஎஸ்பிக்குக் காப்பி எடுக்க முடியாது, பிஎஸ் பிளஸ் (சோனியின் சந்தா) கிளவுட்தான் வழக்கமான வழி. எங்கேயாவது ஒரேயடியாக மாட்டிக்கொண்டால், அந்த இடத்தைத் தாண்டிய சேவ் ஃபைல் தருகிறார்களா என்று பிஆரிடம் கேட்கலாம், அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. பக்கை மட்டும் குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: கேம் கடிகார நேரம், இடம், கை என்ன செய்தது. இந்த மூன்றும் இருந்தால் போதும். "சண்டை சலிப்பு" என்று எழுதி வைத்தால் ஒரு வாரம் கழித்து அது எதற்கும் ஆகாது. இப்படி எழுதுங்கள்:

*14:20. கோபுரம், 3-ம் தளம். அதே நாலு எதிரிகள், ஐந்தாவது தடவை. ஆட்டோ பேட்டில் போட்டுவிட்டு மேப் பார்த்தாயிற்று. ஹெச்பி குறையவே இல்லை.*

இதிலிருந்து ஒரு முழுப் பத்தி எழுதலாம். எங்கே ஆட்டோ பேட்டில் (சண்டையைக் கேமே ஆடிக்கொள்ளும் பட்டன்) அமுக்கத் தோன்றியது, எங்கே ஸ்கிப் பட்டனைக் கை தேடியது என்பதை மனம் மழுப்பும், விரல் மழுப்பாது.

இன்னொன்று. ஆர்பிஜியில் முதல் 10 மணி நேரம் எல்லாமே புதிதாகத் தெரியும், ஏனென்றால் மணிக்கொரு சிஸ்டத்தை (புது ஆட்ட முறையை) அறிமுகப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். கடைசிப் புதிய சிஸ்டம் எந்த மணியில் வந்தது என்று குறித்து வையுங்கள். 18-ம் மணியில் அறிமுகம் நின்று கேம் 45 மணி ஓடுகிறது என்றால், மீதி 27 மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பதுதான் உங்கள் ரிவ்யூவின் நடுப்பகுதி.

---

கோட்_வந்தாச்சா பதில்:

எம்பார்கோ தாளை இரண்டு தடவை படியுங்கள். அதில் ஒரு தேதி இருக்காது, பல இருக்கும்: எழுத்து ரிவ்யூவுக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, நேரலைக்கு ஒன்று. நேர மண்டலம் இன்னொரு பொறி. பசிபிக் நேரம் காலை 8 என்றால் குளிர்காலத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) 16:00, கோடையில் யுடிசி 15:00. இந்த ஒரு மணி நேரக் குழப்பத்தில் எம்பார்கோ உடைந்தால் அடுத்த கோட் உங்களுக்கும் வராது, உங்கள் தளத்துக்கும் வராது.

6-ம் அத்தியாய விஷயம். கதையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் தடுக்கிறார்கள், உங்கள் தீர்ப்பை அல்ல. "பின்பாதியில் பழைய இடங்களுக்கே திரும்ப அனுப்புகிறது, புதிய எதிரிகள் அரிது" என்று எழுதினால் ஒரு ஸ்பாய்லரும் இல்லை. சந்தேகம் இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சுட்டி, இந்த அளவு விவரம் சரியா என்று பிஆரிடம் கேளுங்கள். முழு ரிவ்யூவை வெளியிடுவதற்கு முன் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். தாளிலேயே அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் கையெழுத்துப் போடாமல் எடிட்டரிடம் தள்ளிவிடுங்கள். அது தளம் எடுக்க வேண்டிய முடிவு.

நிபந்தனைகளே சில சமயம் செய்தி சொல்லும். 2014-ல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டிக்கு எம்பார்கோ முடிந்ததே கேம் விற்பனைக்கு வந்து 12 மணி நேரம் கழித்துத்தான். 2020-ல் சைபர்பங்க் 2077-க்கு முன்கூட்டி வந்தவை பிசி கோட்கள். சொந்தமாகப் பிடித்த காட்சியைப் போடவும் அனுமதி இல்லை, நிறுவனம் தந்த காட்சியைத்தான் பயன்படுத்த வேண்டும். ரிவ்யூக்கள் புகழ்ந்தன. டிசம்பர் 10-ல் கேம் வெளியானது, பிஎஸ்4-ல் வாங்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள், ஒரே வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த ரிவ்யூக்கள் பொய் சொல்லவில்லை. வேறொரு மெஷினைப் பற்றிப் பேசின. ஆகவே உங்கள் ரிவ்யூவின் மேலேயே "பிசியில் விளையாடியது, கன்சோல் வெர்ஷன் கிடைக்கவில்லை" என்று போட்டுவிடுங்கள். கோட் பப்ளிஷர் தந்தது என்பதும் அங்கேயே வர வேண்டும்.

சின்னச் சின்னக் கசிவுகளையும் அடையுங்கள். டிஸ்கார்ட் (கேமர்களின் அரட்டை ஆப்) உங்கள் பெயருக்குக் கீழே கேம் பெயரைக் காட்டும், அந்த ஆக்டிவிட்டி ஸ்டேட்டஸை அணைத்து வையுங்கள். ஸ்டீமில் (பிசி கேம் ஸ்டோர்) அந்த கேமை பிரைவேட் என்று குறிக்கலாம். சில பில்டுகளில் உங்கள் பெயருக்கென்றே வாட்டர்மார்க் இருக்கும், கண்ணுக்குத் தெரியாததும் உண்டு. நண்பருக்கு அனுப்பிய ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும், யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடிக்க. பின்னால் கன்சோல் கோட் கேட்பதாக இருந்தால், உங்கள் அக்கவுன்ட் எந்த நாட்டு ஸ்டோரில் இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். பிளேஸ்டேஷன் கோட் வேறு ரீஜன் அக்கவுன்ட்டில் ஏறாது.

---

ஃப்ரேம்டைம்_16 பதில்:

டெக்னிக்கல் பகுதியை "சில இடங்களில் ஃப்ரேம் குறைகிறது" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும், 30-க்கு 33.3. சராசரி 60 இருந்தும் நடுநடுவே ஒரு ஃப்ரேம் 80 மில்லிசெகண்ட் எடுத்தால் கண்ணில் குத்தும், சராசரியில் தெரியாது. ஃப்ரேம் நேரத்தை அளக்கும் கேப்ஃப்ரேம்எக்ஸ் அல்லது பிரசென்ட்மான் போட்டு 1% லோ எண்ணை (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகம்) பாருங்கள். கூட்டமுள்ள ஊர் ஒன்று, எஃபெக்ட் நிறைந்த பாஸ் சண்டை ஒன்று என இரண்டு இடம் எடுத்து, ஒரே பாதையில் 60 விநாடி, மூன்று தடவை. கிராஃபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர் வெர்ஷன், ரெசல்யூஷன், செட்டிங் எல்லாம் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

திணறலில் இரண்டு வகை. ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) கம்பைல் ஆவதால் வருவது முதல் தடவை மட்டும் வரும், அதே இடத்துக்குத் திரும்பப் போனால் வராது. தரவைத் தாமதமாக ஏற்றுவதால் வருவது ஒவ்வொரு தடவையும் வரும். அதனால் திணறிய இடத்துக்கு இரண்டாவது முறை போய்ப் பார்க்காமல் எழுத வேண்டாம். டிரைவர் அப்டேட் செய்தால் ஷேடர் கேஷ் மறுபடி முதலிலிருந்து கட்டப்படும், நடு ரிவ்யூவில் அப்டேட் செய்து குழம்பாதீர்கள்.

க்ராஷை எண்ணுங்கள். "அடிக்கடி க்ராஷ் ஆகிறது" என்பதைப் படிப்பவர் என்ன செய்வார்? "52 மணி நேரத்தில் 3 க்ராஷ், மூன்றும் 4-ம் அத்தியாயத்தில், வேகப் பயணத்துக்குப் பிறகு" என்றால் அவருக்கு ஒரு முடிவெடுக்க முடியும்.

டே-ஒன் பேட்ச்: கையில் ஓடியதைத்தான் எழுத வேண்டும், வாக்குறுதியை அல்ல. பேட்ச் நோட்ஸை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். எம்பார்கோவுக்கு முன்பே பேட்ச் வந்தால், முதலில் சோதித்த அதே இரண்டு இடத்தையும் உங்கள் மூன்று மோசமான பக்கையும் திரும்பச் சோதிக்க ஒரு மணி நேரம் போதும். அதற்குள் வராவிட்டால் பில்ட் எண்ணைப் போட்டு, பக்கைச் சொல்லி, இதைப் பேட்ச் சரிசெய்யும் என்று பப்ளிஷர் சொல்வதாக ஒரு வரி. ஸ்கோரைப் பேட்சுக்காக ஏற்ற வேண்டியதில்லை.

படம் பிடிப்பது. முழு 55 மணி நேரத்தையும் ரெக்கார்டு செய்தால் 20 எம்பிபிஎஸ் வேகத்தில் மணிக்கு 9 ஜிபி, மொத்தம் கிட்டத்தட்ட 500 ஜிபி. தேவை 3 நிமிடம். ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் ரீப்ளே பஃபரை (கடைசிச் சில நிமிடத்தை மட்டும் பிடித்து வைத்திருப்பது) 2 நிமிடத்துக்கு வைத்து, நல்லது எதுவும் நடந்தால் ஹாட்கீ அமுக்குங்கள், அது மட்டும் சேவ் ஆகும். ஃபார்மட் எம்கேவி. வழக்கமான எம்பி4-ல் எடுக்கும்போது நடுவில் கேமோ கம்ப்யூட்டரோ படுத்தால் ஃபைல் திறக்காமல் போகலாம், எம்கேவியில் அதுவரை எடுத்தது மிஞ்சும். பின்னால் ஓபிஎஸ் மெனுவிலேயே எம்பி4-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஹெச்டிஆரை (அதிக ஒளி வீச்சு தரும் திரை செட்டிங்) அணைத்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், இல்லாவிட்டால் வெளுத்துப்போய் வரும். இதே வேலையை பிஎஸ்5-ல் கேப்சர் கார்டு வைத்துச் செய்பவர்கள் முதலில் செட்டிங்கில் ஹெச்டிசிபியை (காட்சியைக் காப்பி எடுக்க விடாத பூட்டு) அணைக்க வேண்டும். கறுப்புத் திரை வருகிறது என்று கேப்சர் கார்டைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் இதை மறந்தவர்கள்தான்.

படங்கள் எல்லாம் 5-ம் அத்தியாயத்துக்குள் இருந்தே எடுங்கள், கடைசி நேரத்தில் எதையும் தூக்கிப்போட வேண்டி வராது.

---

காலி_கார்ட்ரிட்ஜ்:

மூன்று பேருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. கோட் அனுப்பிய மெயிலின் அடியில், "சுமாராக எந்த ஸ்கோர் வரும் என்று முன்கூட்டித் தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்று இருக்கிறது. இது வழக்கமா? முடிக்காமல் ஸ்கோர் போடலாமா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

---

சிவப்பு_மை பதில்:

கேட்பது வழக்கம். சொல்வது உங்கள் வேலை இல்லை. "ஸ்கோர் தளத்தின் முடிவு, எடிட்டரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு எடிட்டருக்கும் காப்பி போடுங்கள்.

ஏன் கேட்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். தசமம் இல்லாத 7, ரிவ்யூ ஸ்கோர்களைத் திரட்டும் தளமான மெட்டாக்ரிட்டிக்கில் 70 ஆகும். அங்கே கேம்களுக்கு 75-லிருந்துதான் பச்சை. 50 முதல் 74 வரை மஞ்சள். ஆக உங்கள் 7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு நிறமே மாறுகிறது. மெட்டாக்ரிட்டிக் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எடை வைக்கிறது, அந்த எடையை வெளியிடுவதில்லை. 2015-ல் வந்த, அதே வகைத் தளமான ஓபன்க்ரிட்டிக் எளிய சராசரி எடுக்கிறது. இந்த எண்ணில் ஆட்களின் போனஸ் தொங்கியதும் உண்டு: 2010-ல் ஃபால்அவுட் நியூ வேகஸ் செய்த அப்சிடியனுக்கு 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, ஸ்கோர் போடும்போது மறந்துவிடுங்கள். பப்ளிஷர் எதைக் கொண்டு போனஸ் கணக்கிடுகிறார் என்பது அவர் ஊழியர்களோடு அவர் போட்ட ஒப்பந்தம், வாசகரோடு நீங்கள் போட்டது வேறு.

ஸ்கோரை எழுதி முடித்த பிறகு போடுங்கள். அதற்கு முன் அந்தத் தளத்தின் கடைசிப் பத்து ஆர்பிஜி ரிவ்யூக்களைப் படியுங்கள். ஒரு தளத்தில் 7 என்றால் நல்ல கேம், இன்னொன்றில் அது அனுதாப மார்க். ரிவ்யூவை ஸ்கோர் இல்லாமல் ஒருவரிடம் கொடுத்து எத்தனை இருக்கும் என்று கேளுங்கள். அவர் 6 சொல்லி நீங்கள் 8 போட்டிருந்தால் தப்பு பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது.

1,000 சொல்லில் கதைச் சுருக்கத்துக்கு 120-க்கு மேல் தராதீர்கள். புதியவர்கள் 350 தருகிறார்கள், ஏனென்றால் அது எழுத சுலபம். "கிராஃபிக்ஸ் பிரமாதம், கதை அருமை, சண்டை மட்டும் கொஞ்சம் சுமார்" என்கிற தினுசு வாக்கியம் எந்த கேமுக்கும் பொருந்தும், அதாலேயே எதற்கும் உதவாது. அதையே: "ஐஸ் தாக்குதலில் எதிரியின் முறையைத் தள்ளிப்போடலாம் என்று 3-ம் அத்தியாயத்தில் தெரிந்துவிடுகிறது, அதன்பிறகு எந்த பாஸும் அதற்கு மாற்று வைத்திருக்கவில்லை, ஒரே இரண்டு பட்டனில் 30 மணி நேரம் ஓடுகிறது." இப்போது வாசகருக்கு கேமும் தெரிகிறது, குறையும் தெரிகிறது. அந்த மாதிரி ஆட்டம் பிடித்தவர் வாங்கவும் செய்யலாம்.

முடிக்காமல் ஸ்கோர்: என் கட்சி, கதையை நம்பி விற்கும் ஆர்பிஜிக்குக் கூடாது. ஸ்கோர் இல்லாமல் "ரிவ்யூ இன் பிராக்ரஸ்" போட்டு, முடித்த பிறகு அதே பக்கத்தில் ஸ்கோர் சேர்க்கலாம். முதல் நாள் ட்ராஃபிக்கும் தளத்துக்குக் கிடைத்துவிடும்.

---

சேவ்ஸ்லாட்_3 பதில்:

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். ரோக்லைக் (செத்தால் முதலிலிருந்து தொடங்கும் கேம்), சிட்டி பில்டர், மல்டிபிளேயர் இவற்றில் முடிவு எது? முடிவுத் திரையைப் பார்த்துவிட்டால் ரிவ்யூ நேர்மையாகிவிடாது. கடைசி 20 மணியை ஸ்கிப் அமுக்கி ஓடி முடித்தவரைவிட, 40 மணி நேரம் கவனித்து ஆடி "கடைசி அத்தியாயம் பார்க்கவில்லை" என்று சொல்பவரை நம்பலாம். ஆனால் அந்த வரி மேலேயே இருக்க வேண்டும், அடியில் பொடி எழுத்தில் அல்ல.

ரிவ்யூ பில்டில் கடை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2019 ஜூனில் க்ராஷ் டீம் ரேசிங் ரீமேக் வந்தபோது உள்ளே காசு கொடுத்து வாங்க எதுவும் இல்லை, ஆகஸ்டில் நுழைத்தார்கள். ஜூன் ரிவ்யூக்கள் எல்லாம் அதைத் தெரியாமல் ஸ்கோர் போட்டவை. மெனுவில் பூட்டிய கடை ஐகான் ஒன்று இருந்தால், "ரிவ்யூ காலத்தில் கடை திறக்கவில்லை" என்று எழுதுங்கள்.

---

சிவப்பு_மை பதில்:

க்ராஷ் உதாரணம் சரி. "40 மணி கவனித்து ஆடியவர்" சரியில்லை, ஆர்பிஜியில் கடைசி அத்தியாயம்தான் முதல் 40 மணிக்கு விலை சொல்லும். இருக்கட்டும், பணத்துக்கு வருகிறேன். அதை யாரும் தொடவில்லை.

விளையாட 55, எழுத 8, படத்துக்கு 3, மெயிலும் திருத்தமும் 2. ஆக 68 மணி. ஃபிளாட் தொகையை 68-ஆல் வகுத்துப் பாருங்கள். 6 மணி நேர இண்டி கேமுக்கும் அதே தொகை என்றால் அதற்கு மொத்தம் 17, 18 மணி ஆகும். ஒரே தளம் உங்களுக்கு நாலில் ஒரு பங்கு கூலி தருகிறது என்று அர்த்தம். ரேட்டை ஏற்ற மாட்டார்கள் என்றால், ஆடிய நேரத்தை இன்னொரு தடவை விற்கப் பாருங்கள்: பாஸ் கைடு, தொடக்கக்காரர் குறிப்பு, மிஸ் ஆகும் பொருள் பட்டியல். தனிக் கட்டுரை, தனித் தொகை. குறிப்பு சரியாக எடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 3 மணிதான்.

கில் ஃபீ தாராளமாகக் கேட்கலாம். வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டும், கோட் ரிடீம் செய்த பிறகு கேட்டால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு மெயில் போதும்:

*"உறுதிப்படுத்திக்கொள்ள: 1,000 சொல், 8 படம், 3 நிமிட காட்சி, ஒரு சுற்றுத் திருத்தம். தொகை கட்டுரையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள். கேம் தள்ளிப்போனாலோ வேறு காரணத்தால் கட்டுரை வராவிட்டாலோ 50% கில் ஃபீ. சரியென்றால் ஒரு பதில் போடுங்கள், கோட் ரிடீம் செய்துவிடுகிறேன்."*

25 முதல் 50 சதவீதம் வரை இருப்பது சகஜம். 50-ல் தொடங்குங்கள். "ஏற்றுக்கொண்ட நாள்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். "வெளியான நாள்" என்று இருந்தால், கேம் 5 மாதம் தள்ளிப்போகும்போது உங்கள் பணமும் கூடவே போகும். காட்சியைத் தளம் தன் வீடியோக்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பதையும் இதே மெயிலில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாக் ரிவ்யூ என்று ஒரு வேலை வரும்: வெளியாகும் முன்பே பப்ளிஷருக்கு மட்டும் ரிவ்யூ எழுதி, ஸ்கோர் எப்படி வரும் என்று சொல்வது. நல்ல காசு, சட்டப்படி தப்பும் இல்லை. அந்த கேமுக்கு அப்புறம் வெளியில் நீங்கள் ரிவ்யூ எழுத முடியாது, அவ்வளவுதான். எடிட்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

---

காலி_கார்ட்ரிட்ஜ்:

மெயில் அனுப்பியாயிற்று, ஒரு சுற்றுத் திருத்தம், 50% என்று. கோட் இன்னும் ரிடீம் செய்யவில்லை.

---

கோட்_வந்தாச்சா பதில்:

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஸ்டீமில் எத்தனை ஜிபி என்று பிஆரிடம் கேட்டு இடத்தைக் காலி செய்து வையுங்கள். முதல் நாள் எட்டரை மணி நேரத்தில் மூன்று மணி நேரம் டவுன்லோடுக்கே போய்விடும்.